வேனுக்கு நீட்டிய பிள்ளை

கட்சிக்கு வியூகம் வகுத்துக்கொடுக்கும் சுதர்சனின் கண்ணில் வாக்காளர்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான், வாயைப் பிளந்த முகம். இந்தத் தொகுதி இழுபறி என்று தெரிந்ததும், தலைவர் கையால் ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடலாம் என்று முடிவு செய்தான். கூட்டத்தில் ஒரு வயதுப் பிள்ளையோடு நின்ற பேச்சியம்மாளை அவனே பொறுக்கி எடுத்துப் பிரசார வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"அழுதுக்கிட்டே நீட்டும்மா. உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லித் தரணுமா?"

அவள் அழுதுகொண்டே நீட்டினாள். தலைவர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, சுதர்சன் எழுதிக்கொடுத்ததை முழங்கினார். "அவங்க ஜெயிச்சா இந்தப் பச்சப்புள்ள வாயில மண்ணு! நாம ஜெயிச்சா பாலு! இவன் பேரு வெற்றிச்செல்வன்!"

பிள்ளை அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒன்றுக்குப் போனது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

"ஆட்டு மந்தை" என்று முணுமுணுத்தான் சுதர்சன்.

வேன் போனபிறகு செல்போனை நீட்டினான். "பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா. திரும்பிப் பாக்குறத வீடியோ எடுக்கணும்."

"வெற்றிச்செல்வா!" என்றாள். பிள்ளை அசையவில்லை.

"காலையில அந்தக் கட்சிக்காரங்களும் ஒரு பேரு வச்சாங்க சார். அதுக்கும் திரும்பல."

சுதர்சனுக்கு முகம் கடுத்தது. "அப்ப நெசமாவே இவன் பேரு என்ன?"

பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்புக்கு மாற்றினாள். அழுத தடமே அவள் கண்ணில் இல்லை.

"அது வீட்டு ஆளுங்களுக்கு மட்டுந்தான் சார்."

நாலு எட்டு போய், பிள்ளையின் காதோடு என்னவோ சொன்னாள். அது சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.