அழிந்த மூன்று நாள்

விபத்துக்குப் பிறகு சாந்தாமணியின் நினைவுகள் அவள் இடுப்பில் கட்டியிருந்த சிறிய லினக்ஸ் கணினிப் பெட்டியில்தான் இருந்தன. அவள் விரல் வைத்தால் மட்டுமே அதன் வட்டு திறக்கும். செவ்வாயன்று வட்டு பழுதானது. கணவன் மகுடேஸ்வரனையே அவள் யாரோபோலப் பார்த்தாள்.

ஈரோட்டில் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஜெபசீலி, முன்பே எடுத்துவைத்திருந்த வட்டுப் பூட்டின் நகலைப் போட்டு, சாந்தாமணியை விரல் வைக்கச் சொல்லி, அன்று மாலையே அதைத் திறந்துவிட்டாள்.

"எல்லாம் வந்துருச்சுங்க. கடைசி மூணு நாள் மட்டும் அழிஞ்சு போச்சுங்க."

மகுடேஸ்வரன் நாள்களை எண்ணிப் பார்த்தான். மனைவியின் உடம்பு தேறட்டும் என்று, அவளுடைய தாய் இறந்த செய்தியை அவன் மறைத்திருந்தான். அது தெரிந்தபின் ஒரு வருடம் அவனோடு பேசாதிருந்தவள், முந்தாநாள்தான் பேசினாள்.

இப்போது அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தாநாள் அவள் தன்னோடு பேசியதை அவன் சொன்னான்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு சொன்னனா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளால் சரிபார்க்க முடியாது.

"இல்ல. சாப்பிட வாங்கன்னு மட்டும் கூப்பிட்ட."



"இன்னைக்குக் கூப்பிட மாட்டேன்," என்றாள். பிறகு எழுந்து கடைக்கு வெளியே போய், வீட்டுக்குப் போக அவனுடைய வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.