முழங்கை தொங்குது!

"முழங்கை தொங்குது! விரலெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்குது! இதுக்குப் பேரு சல்யூட்டா, ஈ ஓட்டுறதா?"

டிரில் ஹவில்தார் போட்ட அதட்டலில் ஜன்னல் கண்ணாடிகளே அட்டென்ஷனுக்கு வந்தன. அவரிடம் பயிற்சிக்கு வந்த சிங்கங்கள்கூடப் பூனையாகிப் பாலுக்கு வரிசையில் நின்றதாகக் கேள்வி.

"முடியல..." என்று முனகல் வந்தது.

"அந்த வார்த்தையே பட்டாளத்துல கிடையாது. நெத்திக்கு இன்னும் நாலு விரக்கடை இருக்கு. தூக்கணும்!"

வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இன்னைக்குப் போதும்ணே. பாவம், வேர்த்துக் கொட்டுது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நீங்க நடுவுல வராதீங்கம்மா. செல்லம் குடுத்தே கெடுத்து வச்சிருக்கீங்க!"

ஹவில்தாருக்கும் தோள் கடுத்தது. மேலதிகாரிக்கு சல்யூட் அடித்தால், அவர் பதில் சல்யூட் அடிக்கும்வரை கையை இறக்கக் கூடாது. பட்டாள மரியாதை அது. வாசலில் நுழைந்ததும் நெற்றிக்குப் போன அவருடைய கை, இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிரே சக்கர நாற்காலியில், பக்கவாதம் முடக்கிப்போட்ட வலது கையை நடுங்க நடுங்க உயர்த்திக்கொண்டிருந்தார், அவருடைய பழைய கர்னல்.

விரல் நுனி நெற்றியைத் தொட்டது.

கர்னலின் மனைவியான அந்த அம்மா அப்படியே கைகூப்பினாள். "இந்தக் கை இனிமே எழும்பாதுன்னுட்டாரு டாக்டர். நீங்க நல்லா இருக்கணும்ணே!"

"ரொம்ப... நன்றி... ஹவில்தார்" என்று குழறினார் கர்னல்.

நன்றி சொன்னதற்காக ஹவில்தார் விட்டுவிடுவாரா என்ன?

"சல்யூட்ல இருக்கும்போது பேசக் கூடாதுங்க, சார்!"