நூலின் மறுமுனை

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். சத்தியமா."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குசுகுசுப்பு. மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் இருப்பதே ஒரு போன்தான், அதுவும் இவள் மடியில் கிடந்தது. அப்படியானால் உள்ளே யாரோடு பேசுகிறாள்?

பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம்தான் மாடிப்படியில் நிறுத்திச் சொல்லியிருந்தார். கேமரா மாட்டுவது அவர் தொழில். வீட்டில் தனி ஆள், அதிர்ந்து பேசாதவர். "சின்னப் பசங்ககிட்ட நைசா பேசிப் பழகுற ஆளுங்க இப்ப நிறைய பேரு இருக்காங்க. ரகசியமா ஒரு போனையே குடுத்துடுவாங்க. பாப்பாவைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

மெஷின் மேலிருந்த கத்தரியோடு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். மகள் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"போனைக் குடு."

"போன் இல்லம்மா."

"யாரு குடுத்தா? சொல்லு, அடிக்க மாட்டேன்."

மகள் மெல்லக் கையை நீட்டினாள். ஒரு காகிதக் கப். அடியில் ஓட்டை போட்டு, இவளுடைய தையல் நூலையே கோத்து முடிச்சுப் போட்டிருந்தாள்.

"ஸ்கூல்ல செய்யச் சொல்லிக் குடுத்தாங்கம்மா. நூல் டெலிபோன்."

போன உயிர் திரும்பி வந்தது. இதற்கா இப்படி நடுங்கினோம் என்று சிரிப்புகூட வந்தது. கப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அப்போதுதான் நூலைப் பார்த்தாள்.

அது ஜன்னல் கம்பி வழியாக வெளியே போயிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த கையகல இடைவெளியைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

காலையில் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதை இவளே பார்த்தாள். எப்போது திரும்பி வந்தார்? சத்தம் காட்டாமல் ஏன் வந்தார்?

"எத்தனை நாளா இது?"

"நாலு நாளா. நான் கதை சொல்லுவேன். அங்க சிரிப்புச் சத்தம் வரும்."

"வேற என்ன பேச்சு?"

மகள் அருகில் வந்து இவள் வாயைப் பொத்தினாள். "மெதுவா பேசும்மா. கேமராவுக்குக் கேட்டுடும்."

இந்த வீட்டில் ஏது கேமரா? சுவர், அலமாரி, மின்விசிறி என்று கண் அலைந்தது. போன மாதம் அழைப்பு மணியைச் சரிசெய்து தருகிறேன் என்று அவர் உள்ளே வந்துபோனது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நாற்காலி போட்டு ஏறி நின்றாரே, எதற்கு?

மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். வலது கையில் துணி வெட்டும் கத்தரி. இடது கையில் கப்.

போலீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். என் பிள்ளையிடம் அப்படி என்னதான் பேசுகிறான்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு கப்பைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கமிருந்து யாரோ மெல்ல இழுக்க, நூல் விறைத்தது.

முதலில் மூச்சு விடும் ஓசை. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண்ணின் குரல்.

"பாப்பா, இங்க கேமரா ஓடுது, மெதுவா சொல்லு. என் வீட்டுக்காரர் வெளியில பூட்டிட்டுப் போயிட்டாரா?"