விக்கலுக்கு ஒரு நூல்

டிவிக்குப் பின்னால், சுவர் மூலையில் குளவி கூடு கட்டத் தொடங்கியது. ஏரிக்கரை ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து அப்பியது. மாசிலாமணி துடைப்பத்தை எடுத்தார்.

"கலைக்காதய்யா" என்றாள் அவர் மனைவி கனகா.

குளவி கூடு கட்டினால் வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை அதைக் கலைப்பதில்லை.

"இந்த வூட்ல நீயும் நானுந்தான் கீறோம். உனக்கு அம்பது தாண்டிப்போச்சு."

"அதுக்கு இன்னா இப்போ? இருந்துட்டுப் போவுது."

பிள்ளைப் பேச்சு அந்த வீட்டில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. அவர் துடைப்பத்தை வைத்துவிட்டார்.

அறுப்பு முடிந்த வாரம் கூட்டுக்குள்ளிருந்து விக்கல் கேட்டது. கனகா முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்து எச்சில் தொட்டாள். கைக்குழந்தைக்கு விக்கினால் உச்சந்தலையில் ஒட்டுவதுபோல அதைக் கூட்டின்மேல் ஒட்டினாள். விக்கல் நின்றது. மாசிலாமணி டிவி சத்தத்தைக் குறைத்தார்.

நேற்று மதியம் இருவரும் வயலிலிருந்து வந்தபோது கூட்டில் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பறந்துடுச்சு போலக்கீது" என்றபடி கனகா சோறு போட்டாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் விக்கல் கேட்டது.

இந்தத் தடவை மாசிலாமணிதான் தன் துண்டிலிருந்து நூலை உருவினார். எச்சில் தொட்டு, குனிந்து, கட்டிலடி இருட்டுக்குள் கையை நீட்டினார். விக்கல் நின்றது. கையை எடுக்கப் போனார். வரவில்லை. சுண்டுவிரலைக் கெட்டியாக, கதகதப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் அப்படியே தரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"நீ துன்னு" என்றார் மெதுவாக. "நான் அப்பாலிக்கா துன்றேன்."