மேட்டுத்தெருவின் குரல்

தீக்குள் நுழைய இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் புகையில் சிக்கியவர்கள் அவற்றைக் கண்டதும் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். அதனால் தீயணைப்பு நிலையம் தெருவுக்கு ஒரு தன்னார்வலரைத் தேடியது. அவர் வெளியே நின்று மைக்கில் பேசினால், இயந்திரத்தின் வாய் வழியாக உள்ளே கேட்கும்.

"உங்க தெருவுல யார் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க?" என்று நிலைய அலுவலர் பெனாசிர் கேட்டதும், மேட்டுத்தெரு மொத்தமும் ராஜகனி வீட்டைக் கைகாட்டியது.

அவள் தன்னார்வலராகி எட்டு மாதமாகியும் தெருவில் ஒரு தீகூட இல்லை. "என்ன மைக்கு, இன்னைக்கும் சும்மாதானா?" என்ற கேலிதான் மிச்சம். சலித்துப்போய் விலகல் கடிதத்தோடு ராஜகனி கிளம்பிய காலையில், எதிர்வீட்டு ஜன்னலில் புகை வந்தது. உள்ளே இருந்தது தங்கபுஷ்பம். குழாயடிச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

நிலையத்து இயந்திரம் வந்து உள்ளே போனது. பெனாசிர் கொடுத்த தாளில் இருந்ததை ராஜகனி இரண்டு முறை வாசித்தாள்: "தயவுசெய்து பதற்றப்படாமல் வெளியே வாருங்கள்." அசைவே இல்லை. அவள் தாளை வீசியெறிந்தாள். கூடவே கடிதமும் பறந்தது.

"ஏட்டி புஷ்பம்! அன்னைக்கு என் குடத்தத் தூக்கி எறிஞ்சியே, இப்ப எங்க ஒளிஞ்சிருக்க? வெளிய வந்து பதில் சொல்லுட்டி!"

இருமலுக்கு நடுவே பதில் வந்தது. "யாருட்டி எறிஞ்சா? உன் குடம்தான் என் கால்ல விழுந்துச்சு!" இயந்திரத்தின் கையைப் பிடித்தபடி, சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் அவள் நிலையத்துக்குப் போய்த் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"உங்க தெருவுக்குத்தான் ஆள் இருக்காங்களேம்மா?" என்றார் பெனாசிர்.

"அவ வீட்டுல தீப்புடிச்சா, அவள யாரு திட்டுவா?"