குளம் வரை

ஈரப் புல்லில் முட்டி போட்டு, தரையில் குத்திய சின்ன மரமுளையின் தலையில் கோல்ஃப் பந்தை நிறுத்தினாள் இந்து.

எழுந்து, கணவருடைய மட்டையின் நுனியைப் பிடித்துப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள். தோள்களைப் பற்றி, இடது தோள் கொடியைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பினாள்.

"இப்ப சரியா இருக்குங்க."

"தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள்.

மட்டை இறங்கியது. பந்து புல்லில் தத்தித் தத்திப் போய், ஓடத் தெம்பில்லாததுபோல நின்றது.

"எங்க போச்சு?"

"நம்ம வீட்டு வாசல்ல இருந்து கேட் வரைக்கும்."

அவர் முகம் சுளிக்கவில்லை.

"அடுத்தது."

இரண்டு கண்களிலும் நரம்பு பட்டுப்போய், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் இப்போது அவருக்குத் தெரியும். ஆனாலும் சட்டைக்குக் காலர் இருக்க வேண்டும். அது தேய்த்திருக்க வேண்டும். காலர் இல்லாமல் மைதானத்தில் கால் வைப்பது அவரைப் பொறுத்தவரை வேட்டி இல்லாமல் கோயிலுக்குப் போவது.

அவளுக்கு இந்த ஆட்டத்தைக் கண்டாலே ஆகாது. ஊட்டிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் அது தின்றிருந்தது. மகள் பிறந்த செய்தி மைதானத்துக்குத்தான் போனது. உடனே வந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். கடைசிக் குழியை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

அப்படிப்பட்டவளைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்.

போன வாரம் கர்னல் பெள்ளியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். இத்தனை வருடமாக அவரோடு ஆடியவர். மூத்தவர்களுக்கான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. காபியை ஆற்றியபடியே சொன்னார்:

"நீ சும்மா வந்து உக்காந்தாப் போதும் தேவா. முன் வரிசையில நாற்காலி போட்டுடறோம். பரிசெல்லாம் உன் கையாலதான்."

தேவா நன்றி சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"நாற்காலியாம்."

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போக அவளை எழுப்பினார். கிளப் நண்பர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

"அவனுங்க வேணாம். பந்து காலடியில கிடந்தாலும் 'பிரமாதம் தேவா'ன்னு கை தட்டுவானுங்க. என் ஆட்டத்தைப் பத்தி நீ இதுவரைக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல, இந்து. நீ வா."

வந்தாள். வந்துகொண்டே இருக்கிறாள்.

"எங்க போச்சு?"

"இடது பக்கம். செடிக்குள்ள."

"தூரமா?"

"இல்ல. பக்கத்துலதான்."

"அடுத்தது."

பந்தைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தாள். மட்டையின் பிடியில் லேசாக ரத்தம். விரலடியில் தோல் உரிந்திருந்தது. அவர் சொல்லவே இல்லை.

ஒரு பொய் போதும். நல்லாப் போயிடுச்சுங்க, கொடிக்கிட்ட விழுந்திருக்கு என்று சொன்னால் நம்பிவிடுவார். வீட்டுக்குப் போய் மருந்து போடலாம்.

கைக்குட்டையை எடுத்து அவர் உள்ளங்கையைச் சுற்றி இறுக்கக் கட்டினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பந்தை வைத்தாள். தோளைத் திருப்பினாள். தள்ளி நின்றாள்.

இந்த முறை சத்தம் வேறு மாதிரி வந்தது.

அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது. பந்து ஏறிக்கொண்டிருந்தது. சவுக்கு மரங்களுக்கு மேலே போய், வெயிலில் காணாமல் போய், மறுபடி வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. இத்தனை வருடமாக இவர் எதைப் பார்க்க ஓடி ஓடி வந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் திறக்க மறந்துபோனாள்.

"இந்து. பேசு."

அதற்குள் பந்து இறங்கத் தொடங்கியிருந்தது. கொடிக்கு முன்னால் குளம். கூடாது, கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நீர் தெறித்தது.

"பேசு இந்து."



"குளத்துல விழுந்துடுச்சுங்க."

அவர் அசையவில்லை. மட்டை தோளுக்கு மேல் அப்படியே நின்றது.

"குளத்துலயா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு வாத்து பதறி எழும்பிச்சு."

"இந்தக் கரைப் பக்கமா?"

"இல்ல. நடுவையும் தாண்டி. அந்தக் கரைக்குக் கொஞ்சம் முன்னால."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சத்தமாகவே சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. புல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் குளத்தைப் பார்த்தாள். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது அது. கண் போன பிறகு அவர் அடித்த ஒரு பந்தும் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை.

"வாத்து போயிடுச்சா?"

"ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப வந்து அங்கயே உக்காந்துடுச்சு."

"அப்ப அதுங்க தலைக்கு மேலதான் போகணும்."

கையை நீட்டினார்.

கைக்குட்டையில் சிவப்பு ஊறியிருந்தது. அவள் பையைத் துழாவினாள். பழைய பந்துகளை ஒதுக்கி, அடியில் காகிதம் பிரிக்காமல் கிடந்த புதுப் பந்தைத் தேடி எடுத்தாள்.