சேராத குரல்

“பாடுனவங்களுக்குத் தெரியாம, ஒரே ஒரு கொரலை மட்டும் எடுத்துற முடியுமா தம்பி?”

அரிசி மில் சேவுகன் இப்படிக் கேட்டதும் சிவபிரகாஷுக்குச் சுருக்கென்றது. கேட்கிறவர் சாதாரண ஆள் இல்லை. தைப்பூசத்துக்குக் கீரனூரிலிருந்து விராலிமலைக்கு நடந்து போகிற குழுவின் குருசாமி.

கத்தாரில் மேடைகளுக்கு மைக் செட் கட்டும் வேலையை விட்டு வந்த சிவபிரகாஷ், வீட்டின் பின்னறையில் ஸ்பாஞ்ச் ஒட்டி அதை ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தான். ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றுதான் பாக்கி. மைக்கில் பாடுவதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெட்டி அது. இரண்டு மைக் மாட்டுகிற பெட்டியா, எட்டு மைக் மாட்டுகிற பெட்டியா என்று ஒரு மாதமாக யூடியூபைக் குடைந்து, ஒருவழியாக எட்டு என்று முடிவுக்கு வந்திருந்தான்.

அதற்குள் முதல் ஆர்டரும் வந்துவிட்டது. குழுவில் எட்டுப் பேர். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து, நடப்பவர்களுக்கு முன்னால் போகிற வண்டியில் போட வேண்டும்.

“எட்டு மைக் பெட்டின்னா முடியும்ங்கய்யா. ஆளுக்கு ஒரு சேனல். தள்ளித் தள்ளி நிக்க வச்சா, வேண்டாத கொரலை அமுக்கிரலாம். ரெண்டு மைக்குன்னா எல்லாரும் கலந்துருவாங்க, அப்பறம் பிரிக்க முடியாது.”

“அப்ப எட்டே வாங்குங்க. கூட்டத்துல ஒரு கொரலு சேரல. அதை மட்டும் எடுத்துரணும். வெளிய மூச்சு விடக் கூடாது.”

யாருடைய குரல் என்று அவர் சொல்லவில்லை. சிவபிரகாஷும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? குழுவில் ஏழு பேர் கடை, மில், நிலபுலன் என்று இருப்பவர்கள். எட்டாவது ஆள் சொர்ணவல்லி, பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளுகிறவள். போன வருடம்தான் சேர்ந்தாள். சேரல என்றால் எது சேரல என்று அவனுக்குத் தெரியாதா?

கூட நடக்க ஆள் வேண்டும், குரல் மட்டும் ஆகாது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் திருச்சிக்குப் பஸ் ஏறினான். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு மாத ஆராய்ச்சியை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு மைக் பெட்டியைக் கட்டச் சொன்னான். எட்டு ஸ்டாக் இல்லை, தைப்பூசத்துக்குள் வராது என்று சேவுகனுக்கு போன் போட்டும் சொல்லிவிட்டான். வேற வழியே இல்லையா தம்பி என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அந்தத் தவிப்பு இவனுக்கு இனித்தது.

மனைவி வைஷ்ணவிதான், பாட்டு நல்லா வரணுமே என்று கவலைப்பட்டாள்.

“பாட்டு கெட்டாலும் கெடட்டும். ஒரு மனுசியோட மனசு கெடக் கூடாது” என்றான். சொன்ன வாக்கியம் அவனுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். சேவுகன் இரண்டு மைக்கையும் பார்த்தார். கதவோரமாகப் போய் நின்றுகொண்டார். கோபம் போலிருக்கிறது என்று சிவபிரகாஷ் நினைத்துக்கொண்டான். குழு விடவில்லை. குருசாமி எடுத்துக் கொடுக்காமல் பாட்டு ஏது என்று அவரை இழுத்து வந்து, மைக்குக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். சொர்ணவல்லி எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள்.

பாடி முடித்ததும் போட்டுக் காட்டினான். சேவுகனின் குரல்தான் அறை முழுக்கக் கரகரத்தது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் உடைந்தது, இறங்குகிற இடத்தில் இருமியது. மற்ற ஏழு குரல்களும் அதற்கு அடியில் எங்கோ கிடந்தன. குருசாமி பாட்டை யார் குறை சொல்வார்கள்? அருமை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சேவுகன் மட்டும் நின்றார்.

“இனிமே இதுல ஒண்ணும் பண்ண முடியாதுல்ல தம்பி?”

“முடியாதுங்கய்யா. கடையில எட்டு மைக் பெட்டி இருந்துச்சு. நான்தான் வாங்கல.” நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்துவிட்டான். “சொர்ணவல்லியக்காவை ஒதுக்கிட்டு முருகன் பாட்டு எதுக்குங்க?”

சேவுகன் புரியாமல் பார்த்தார். புரிந்தபோதும் அவர் கோபப்படவில்லை.

“அந்தப் பிள்ளை பாடி நீங்க கேட்டிருக்கீங்களா?”

இல்லை. அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது போட்ட பாட்டிலும் அவள் குரல் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன வருடம் நடையில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்துவிட்ட இடத்தில், அவள் ஒருத்தி முனகிய பாட்டைக் கேட்டுத்தான் கூட்டம் எழுந்து நடந்தது என்றார் சேவுகன். முன்னால் வந்து பாடு என்றால், குருசாமி இருக்கும்போது நானா என்று பத்தடி பின்னால் போய்விடுவாளாம். குருசாமிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தை மற்றவர்களும் விடமாட்டார்களாம்.

“அது கொரலு வண்டியில முன்னால போகட்டும்னுதான் தம்பி, என் கொரலை எடுக்கச் சொன்னேன்.”